விலங்கு பூட்டியோருக்கு விழுந்த விலங்கு

1940-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள். பாரிசு நகரத்தின் அகன்ற வீதிகளிலே ஜெர்மன் பட்டாளம் அணிவகுத்து நடந்தது. தடுப்பார் இல்லை. ஐஃபல் கோபுரத்திலே சுவத்திகக் கொடி ஏறிற்று. எட்டு நாள் கழிந்தது. 1918-இல் தோற்ற ஜெர்மனி எந்த ரயில் பெட்டியிலே அமர்ந்து கையொப்பமிட்டதோ, அந்தப் பெட்டியையே காட்சிச் சாலையிலிருந்து வெளியே இழுத்துவரச் செய்து, அதிலே வைத்தே பிரான்சைப் பணியவைத்தான் இட்லர். பழி தீர்ப்பதிலும் எத்தனை பொருத்தம் பார்த்தான், கவனித்தீர்களா!

அதன்பின் நான்கு ஆண்டுகள். கடிகாரத்தின் முள்ளைக்கூட மாற்றினர். பெர்லினில் என்ன மணியோ அதுதான் பாரிசிலும் மணி. நாட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து, கோட்டின் இப்புறமிருந்து அப்புறம் செல்ல ஜெர்மானியரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றனர். தங்களை அடக்கி ஆளவந்த படைக்கு ஆகும் செலவையும் பிரெஞ்சு மக்களே தரவேண்டும் என்றனர். நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க்! 18 இலட்சம் பிரெஞ்சு வீரர் சிறைப்பட்டனர். ஜெர்மன் அதிகாரி ஒருவன் கொல்லப்பட்டால் சிறையிலிருந்து பிணையாட்களை வரிசையாக நிறுத்திச் சுட்டனர். 1941 அக்டோபர் 22-இல் சாத்தோபிரியான் எனுமிடத்தில் அவ்விதம் 27 பேர் சுடப்பட்டனர். அவர்களில் கீ மோக்கே என்பவன் பதினேழு வயது மாணவன். அவனைப் பிடித்துச் சிறையிலிட்டது ஜெர்மன் போலீசன்று, பிரெஞ்சுப் போலீசே என்பதை மட்டும் இப்போது குறித்துக்கொள்வோம். பின்னர் அதற்கு வருவோம்.

எல்லைக்கோடு என்றதும் பள்ளிப்பட்டில் வாழும் நமக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1960 மார்ச்சு முடிய இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. கிளர்ச்சி, விசாரணை, பேச்சு, சட்டம் என்று ஆண்டுக் கணக்கில் நடந்த பிறகே அந்தக் கோடு சிறிது நகர்ந்தது. பீரங்கி இல்லாமல், மக்களைக் கேட்டு நகர்த்திய கோட்டுக்கே அவ்வளவு அச்சமும் அவ்வளவு வழக்கும் என்றால், டாங்கிப் படை வந்து ஒரே வாரத்தில் கிழித்த கோடு எப்படியிருந்திருக்கும்! பிரெஞ்சு மக்களின் துயரை நாம் குறைத்துப் பேச வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. அயலான் கொடி, அயலான் கட்டளை, ஊரைவிட்டு ஊர் செல்லச் சீட்டு, தணிக்கைக்குள்ளான ஏடு, விசாரணையற்ற தண்டனை, அடிமைத்தனத்துக்கு அடிமையே கட்டும் வரி: இவையெல்லாம் 1940-இல்தான் உலகிலே புதிதாகத் தோன்றினவா? அல்ஜீரியனுக்கு இவை புதியனவா? வியட்நாமியனுக்குப் புதியனவா? 1943 பிப்ரவரியில் பிரெஞ்சு இளைஞர்களைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பும் சட்டம் வந்தது. ஆறு இலட்சம் பேருக்கு மேல் அனுப்பப்பட்டனர். அதற்கு அஞ்சிக் காடேறியவர்களே எதிர்ப்புப் படையில் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். நியாயமான சீற்றம்! அதே நாளில் அதே பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகளிலே கறுப்பு இளைஞர்கள் கட்டாய வேலைக்குச் சாலைகளிலும் தோட்டங்களிலும் ஓட்டிச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தனர். அந்த முறை ஒழிந்தது 1946-இல். ஜெர்மனி தோற்று ஓராண்டு கழித்து!

ஆப்பிரிக்கா தொலைவு. அண்டை வீடாகிய புதுவைக்கு வருவோம்.

1936 ஜூலை 30. புதுவை சவானா ஆலையிலே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சிந்திய அரசின் படை சுட்டது. 12 தொழிலாளர் மாண்டனர். அப்போது பாரிசிலே ஆட்சி செய்தது பிற்போக்குக் கூட்டமன்று. தொழிலாளர் வாக்குப் பெற்று வந்த மக்கள் முன்னணி அரசு. தலைமை அமைச்சர் லெயோன் புளூம், சோசலிஸ்டு. யூதர் என்பதற்காக வலதுசாரிகளின் வசையையும் அடியையும் பட்டவர். நல்லவர்தாம். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் புதுவைத் தொழிலாளருக்குச் சட்டமாகக் கிடைத்தன என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முத்திரை குத்திய அரசின் துப்பாக்கி, கடல் கடந்து வந்ததும் எந்தப் பக்கம் திரும்பிற்று என்பதற்கு அந்தப் பன்னிரண்டு உடல்களே சான்று. புளூம் எனும் பெயரை நினைவில் வையுங்கள். இவரை மீண்டும் இருமுறை காண்போம்.

பிரான்சு வீழ்ந்த செய்தி வந்தபோது புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து துண்டுகளும் திகைத்தன. முதிய தளபதி பெத்தேன் விஷி நகரிலே ஜெர்மனியோடு ஒத்துப்போகும் அரசை அமைத்துவிட்டார். லண்டனிலிருந்து தெகோல் போர் தொடரும் என்று முழங்கிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் சாய்வது? ஆளுநர் லூயி போன்வேன் செப்டம்பரிலே தெகோல் பக்கம் சேர்ந்ததாக அறிவித்தார். இதிலே வீரம் எவ்வளவு, விவேகம் எவ்வளவு என்று எடைபோடுவது கடினமன்று. நாற்புறமும் பிரிட்டிஷ் இந்தியா; அரிசியும் நிலக்கரியும் பஞ்சும் அங்கிருந்தே வரவேண்டும்; எதிர்த்தால் ஒரு வாரம் தாங்காது. எப்படியோ, நம் புதுவை ‘சுதந்திர பிரான்சு’ ஆயிற்று! புதுவை இளைஞர் சிலர் அதன் படையிலே சேர்ந்து கடல் கடந்தனர். பாரிசு விடுதலை பெற வேண்டும் என்று உயிரைத் தரப் புறப்பட்ட அந்தத் தமிழனிடம், புதுவை விடுதலை பெற வேண்டாமா என்று எந்த ஆளுநரும் கேட்கவில்லை.

அதே நேரத்தில் அதே மூவண்ணக் கொடியின்கீழ் இன்னொரு தமிழ்க்கூட்டம் வேறொரு பிரான்சிலே வாழ்ந்தது. அதுதான் சைகோன் தமிழர் கூட்டம். இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி அவர்களுடையது.

அவர்கள் ஏன் அங்கே போனார்கள்? காரணத்தை நம் வீட்டிலிருந்தே தேட வேண்டும். 1873-இலே புதுவையிலே பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார். நீதிபதி வெளியேற்றினார். பொன்னுத்தம்பி பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். 1881-இலே ஒரு சட்டம் வந்தது: இந்துச் சட்டம், இசுலாமியச் சட்டம் ஆகிய தனிச் சட்டங்களை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுக் குடிச் சட்டத்தின்கீழ் வரலாம், குடும்பப் பெயரும் புதிதாகச் சூட்டிக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி ‘லப்போர்த்து’ ஆனார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் ‘கதவு’ என்று பொருள். தாழ்த்தப்பட்டோர் பலரும் அந்தக் கதவு வழியே நுழைந்தனர். தெருவிலே நடக்கவிடாத சாதியை ஒரு கையொப்பத்தால் உதறிவிடலாம் என்றால் எவன்தான் உதறமாட்டான்? அவனைப் பார்த்து ‘அயலானுக்கு அடிமையானான்’ என்று பழிப்போர், திண்ணையிலே அவனை ஏறவிடாதவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அயலான் ஆட்சிக்குக் கதவைத் திறந்துவிட்டதிலே நம் வருணத் திமிருக்கும் பங்குண்டு.

இப்படிப் பிரெஞ்சுக் குடிகளான தமிழர் சைகோனிலே சுங்கத்திலும் போலீசிலும் வரி அலுவலகத்திலும் சிறைச்சாலையிலும் வேலை பெற்றனர். அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. மண்ணின் மைந்தனான வியட்நாமியருள் மிகப் பெரும்பாலோர்க்கு இல்லை! பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சென்ற செட்டிமார் வட்டிக்கடை நடத்தினர். 1930-களின் விலைவீழ்ச்சியிலே கடன் கட்டமுடியாத உழவரின் நெல்வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. தமிழ் முசுலிம்கள் துணிக்கடை வைத்தனர். மாரியம்மன் கோயிலும் எழுந்தது. இன்றும் அந்நகரிலே நிற்கிறது. வியட்நாம் உழவன் கண்ணுக்கு நம்மவர் யாராகத் தெரிந்திருப்பர்? ஆக்கிரமிப்பாளனின் தடியைப் பிடித்த கையாகவும், அவன் நிழலிலே வட்டி எண்ணிய விரலாகவும் தெரிந்திருப்பர். உண்மை கசக்கிறது என்பதற்காக அதை விழுங்கிவிட முடியாது.

1940-இலே இந்தோசீனம் விஷி அரசின் பக்கம் நின்றது. ஆளுநர் தெக்கூ எனும் கடற்படைத் தளபதி. பெத்தேன் படத்தை எங்கும் மாட்டி, யூதரையும் தெகோல் அன்பரையும் வேலையிலிருந்து விரட்டினார். அவ்வாண்டு செப்டம்பரிலே வடக்கிலும், 1941 ஜூலையிலே தெற்கிலும் ஜப்பானியப் படை புகுந்தது. விந்தை என்னவென்றால், ஜப்பானியர் பிரெஞ்சு நிருவாகத்தைக் கலைக்கவில்லை. கொடி பிரெஞ்சுக்காரனுடையது, வரி தண்டுவதும் அவனே. துறைமுகமும் அரிசியும் ஜப்பானியனுக்கு! பிரெஞ்சுக்காரன் மேலே ஒருவனுக்கு அடங்கி, கீழே ஒருவனை அடக்கி வாழ்ந்த அந்த ஐந்தாண்டு, உலக வரலாற்றிலேயே விசித்திரமான பாடம். தந்தை புதுவையிலே தெகோலின் குடி. மகன் சைகோனிலே பெத்தேனின் குடி. நடுவே கடல் அடைபட்டுக் கிடந்தது.

அந்த இரட்டை ஆட்சியின் விலையை யார் கொடுத்தது? வட வியட்நாம் உழவன். நெல்லைப் படைக்கென்று பறித்தனர், நெல் விளைந்த நிலத்திலே சணல் பயிரிடச் செய்தனர், அமெரிக்க விமானக் குண்டுகள் பாதைகளை உடைத்தன, புயலும் சேர்ந்தது. 1944-45-இலே பத்து இலட்சம் பேருக்குக் குறையாமல் பட்டினியால் மாண்டனர். இருபது இலட்சம் என்போரும் உண்டு. 1943-இன் வங்கப் பஞ்சத்தை அறிந்த நமக்கு இந்த முறை தெரியாததன்று. வெள்ளையன் ஆண்டால் என்ன, மஞ்சள் நிறத்தான் ஆண்டால் என்ன, போர்க்காலத்திலே முதலில் வற்றுவது ஆளப்படுபவன் சோற்றுப் பானையே.

1945 மார்ச்சு 9-ஆம் நாள் இரவு ஜப்பானியர் திடீரெனத் தாக்கிப் பிரெஞ்சு ஆட்சியை அடியோடு கவிழ்த்தனர். பிரெஞ்சு வீரர் சிறைப்பட்டனர். லாங்சோன் கோட்டையிலே சரணடைந்தவர்களைத் தலை வெட்டிக் கொன்றனர். வெள்ளைக் குடும்பங்கள் குறிப்பிட்ட பகுதிக்குள் அடைக்கப்பட்டன. எண்பது ஆண்டுகளாக வியட்நாமியன் அறிந்திருந்த அச்சத்தைப் பிரெஞ்சுக்காரன் ஐந்து மாதம் அறிந்தான். அறிந்து என்ன செய்தான்?

அதற்கு விடை லெயோன் புருஷாந்தி எனும் தமிழரின் வாழ்விலே இருக்கிறது. புதுவைக் குடும்பத்தவர், சைகோனில் வாழ்ந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற வகுப்பினர். சைகோனிலே நேதாசி சுபாசு சந்திரபோசின் இயக்கம் வேரூன்றியபோது, பால் பிளான்ஷி வீதியிலிருந்த தம் வீட்டையே இந்தியச் சுதந்திரக் கழகத்தின் செயலகமாகக் கொடுத்தார். 1945 ஆகஸ்ட் 17-ஆம் நாள் சைகோனிலிருந்துதான் நேதாசி தம் கடைசி விமானப் பயணத்தைத் தொடங்கினார். ஜப்பான் பணிந்தது. செப்டம்பர் 2-இல் ஆனாய் நகரிலே ஹோ சி மின், பிரெஞ்சுப் புரட்சியின் உரிமைச் சாசனத்தையே எடுத்துக்காட்டி வியட்நாமின் விடுதலையை அறிவித்தார். ஜப்பானியரை நிராயுதபாணியாக்க என்று சைகோனுக்கு வந்தது பிரிட்டிஷ் தளபதி கிரேசியின் படை. படையிலே இருந்தவர் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள்! செப்டம்பர் 23-இலே கிரேசி கொடுத்த துப்பாக்கிகளோடு பிரெஞ்சுக்காரர் நகரத்தை மீண்டும் பிடித்தனர். சரணடைந்த ஜப்பானியச் சிப்பாயையே திரும்பவும் ஆயுதம் தரித்து வியட்நாமியர்மீது ஏவினர். இந்தியப் படையை இதற்குப் பயன்படுத்துவதா என்று நேரு கண்டித்தார், கேட்பார் யார்?

புருஷாந்தியைப் பிரெஞ்சு அதிகாரிகள் பிடித்தனர், வதைத்தனர். பாரிசிலே ஜெர்மன் ரகசியப் போலீசின் வதைக்கூடங்களைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொல்லி ஓராண்டுகூட ஆகவில்லை, கேளுங்கள்! வெளியே வந்தபோது அவர் நினைவாற்றல் சிதைந்திருந்தது என்று வரலாற்றாய்வாளர் ஜே. பி. பிரசாந்த் மோரே எழுதுகிறார். புதுவைக்குத் திரும்பி, 1968-இலே அங்கேயே மறைந்தார். அந்தத் தமிழரை எந்தப் பாடநூலும் பாடமாக்கவில்லை. பிரான்சுக்கு அவர் துரோகி. இந்தியாவுக்கு அவர் பிரெஞ்சுக்காரர். வியட்நாமுக்கு அவர் அயலார்.

புளூமுக்கு வருவோம். விஷி அரசு அவரைச் சிறையிலிட்டு 1942-இலே ரியோம் நகரில் விசாரித்தது; குற்றவாளிக் கூண்டிலிருந்து அவர் திருப்பிக் கேட்ட கேள்விகளைத் தாங்கமாட்டாமல் விசாரணையையே நிறுத்தியது. 1943-இலே ஜெர்மனியின் புக்கன்வால்டு முகாமுக்கு அனுப்பப்பட்டார். தம்பி ரெனே, ஆஷ்விட்சிலே மாண்டார். உயிரோடு மீண்ட புளூம், 1946 டிசம்பரிலே மீண்டும் தலைமை அமைச்சர் ஆனார். சில நாள் முன்புதான் வியட்நாமின் விடுதலையை ஏற்றே தீரவேண்டும் என்று ஏட்டிலே எழுதியிருந்தார். பதவியேற்ற நான்காம் நாள், டிசம்பர் 19-இல், ஆனாயிலே போர் மூண்டது. முதலில் ஒழுங்கு, பிறகே பேச்சு என்றார் புளூம், படை சென்றது. கொடியவனொருவன் செய்திருந்தால் நாம் வியந்திருக்க மாட்டோம். முள்வேலிக்குள் கிடந்து வந்தவர், நேர்மையாளர், அவருக்கே காலனி மக்களின் முள்வேலி முள்வேலியாகத் தெரியவில்லை என்பதுதான் ஏகாதிபத்யம் எனும் நோயின் ஆழம்.

இனி, நினைவு எனும் பொருளுக்கு வருவோம். போர் முடிந்ததும் பிரான்சு தனக்கொரு கதை எழுதிக்கொண்டது: நாடு முழுதும் எதிர்த்து நின்றது, விஷி என்பது ஒரு கும்பல். கீ மோக்கேயைப் பிடித்த பிரெஞ்சுப் போலீசுக்கு அந்தக் கதையிலே இடமில்லை. 1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில் பாரிசிலே ஏறத்தாழ 13,000 யூதரை, 4,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் உட்பட, வளைத்துப் பிடித்ததும் பிரெஞ்சுப் போலீசே, அதற்கும் இடமில்லை. ஒரு பிரெஞ்சு நகரத்து மக்கள் அந்நாளில் எப்படி ஒத்துப்போயினர் என்று காட்டிய ‘துயரமும் இரக்கமும்’ என்ற ஆவணப்படம் 1969-இலே எடுக்கப்பட்டது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது 1981-இலேதான். விஷி ஆட்சி தானாக முன்வந்து ஒத்துழைத்தது என்று ஏடுகளைப் புரட்டி மெய்ப்பித்தவர் ராபர்ட் பாக்சுடன் எனும் அமெரிக்கர், 1972-இல். அந்தக் குற்றம் பிரான்சின் குற்றமே என்று குடியரசுத் தலைவர் சிராக் ஒப்பியது 1995-இல். ஐம்பத்து மூன்று ஆண்டு!

வீட்டிலே செய்ததை ஒப்பவே ஐம்பது ஆண்டு என்றால் காலனியிலே செய்ததற்கு? 1944 டிசம்பர் 1-இல் செனகல் நாட்டின் தியாரோய் முகாமிலே, ஜெர்மன் சிறையிலிருந்து மீண்ட ஆப்பிரிக்க வீரர் தங்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டனர். பிரெஞ்சுப் படை சுட்டது. 35 பேர் என்றது அரசு. மிகப் பலர் என்கின்றனர் ஆய்வாளர். அது படுகொலை என்று குடியரசுத் தலைவர் மக்ரோன் எழுதியது 2024-இல். ஐரோப்பா வெற்றி கொண்டாடிய 1945 மே 8-ஆம் நாளே அல்ஜீரியாவின் செத்தீப் நகரிலே விடுதலைக் கொடி ஏந்தியவரைச் சுட்டனர்; தொடர்ந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இரண்டு ஏடுகளும் ஒரே மனிதனிடம் சந்திப்பதையும் காண்கிறோம். மொரிசு பப்போன் விஷிக் காலத்தில் போர்தோ வட்டாரத்து யூதரை நாடு கடத்தும் ஆணைகளில் கையொப்பமிட்ட அதிகாரி. அதே பப்போன் 1961 அக்டோபர் 17-இல் பாரிசின் போலீசுத் தலைவர். அன்று அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியரை அவர் போலீசு அடித்துக் கொன்று செய்ன் ஆற்றிலே வீசிற்று. முதற் குற்றத்துக்காக 1998-இலே தண்டிக்கப்பட்டார். இரண்டாவதற்காக எந்த நீதிமன்றமும் அவரை அழைக்கவேயில்லை.

புதுவைக் கடற்கரையிலே 1938-இல் திறந்த ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது; முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்தியருக்கானது. ஜூலை 14-ஆம் நாளிலே விளக்கேற்றி மலர் வைக்கின்றனர். வைக்கட்டும், மாண்டவர் நம்மவர். ஆனால் சவானா ஆலைத் தொழிலாளருக்கும் அதே ஜூலைத் திங்கள் 30-இலே நினைவுநாள் உண்டென்பதை அந்த விளக்கொளியிலே நிற்கும் சுற்றுலாக்காரருக்கு யார் சொல்வது? 1959-இலே பிரான்சு, விடுதலை பெற்ற காலனிகளின் பழைய வீரருக்கான ஓய்வூதியத்தை உயர்த்தாமல் உறையவைத்தது. வெள்ளை வீரனுக்கு ஒரு தொகை, அவன் பக்கத்திலே நின்று சுட்ட ஆப்பிரிக்கனுக்கு அதிலே சிறு பங்கு! 2006-இலே ஒரு திரைப்படம் வெளிவந்து நாணவைத்த பிறகே போர்க்கால ஓய்வூதியங்களை உயர்த்தினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த புதுவைத் தமிழருக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. வீரம் ஒன்றே, விலையை முடிவு செய்தது கடவுச்சீட்டு.

1954 மே 7-இல் தியன் பியன் பூவிலே பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் சரணடைந்தது. ஜூனிலே மெண்டஸ் பிரான்ஸ் தலைமை அமைச்சரானார். இவரும் விஷிச் சிறையிலே கிடந்தவர். கம்பியை அறுத்துத் தப்பி, தெகோலின் விமானப் படையிலே பறந்தவர். இவர் புளூமைப் போலத் தயங்கவில்லை. ஜூலையில் ஜெனீவாவிலே போரை முடித்தார். அக்டோபர் 18-இல் கீழூரிலே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்று வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் புதுவையிலே பிரெஞ்சு ஆட்சி ஒரு குண்டும் வெடிக்காமல் கைமாறிற்று.

அதே நவம்பர் முதல் நாள், அதே 1954-இல், அல்ஜீரியாவெங்கும் வெடிகள் முழங்கின. விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. புதுவையை விட்ட அதே மெண்டஸ் பிரான்ஸ் பதினொரு நாள் கழித்து நாடாளுமன்றத்திலே எழுந்து, அல்ஜீரியா பிரான்சின் பிரிக்கவொண்ணாப் பகுதி என்றார். அந்தப் போர் 1962 வரை நடந்தது. புதுவையை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956-இலேயே கையொப்பமாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது அல்ஜீரியா கைவிட்டுப் போன அந்த 1962-இலேதான்.